வந்துடுச்சி, ரைட்

சட்டியில் இன்னும் கருவாட்டு வாடை போகவில்லை. சந்திரகலா சாம்பலும் புளியும் போட்டு மறுபடி தேய்த்தாள். கூடத்தில் மாமனார் தருமனைக் கிடத்தியிருந்தார்கள். ஒப்பாரி கொல்லைவரை கேட்டது. வீட்டில் சாவு விழுந்திருக்கும்போது மருமகள் கிணற்றடியில் உட்கார்ந்து சட்டி தேய்க்கலாமா? கூடாதுதான். ஆனால் யாராவது இதை மோந்து பார்த்துவிட்டால்?

தருமன் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வேளைகெட்ட வேளையில் டீயும் மசால்வடையுமாகத் தள்ளி, ரிட்டயரானபோது கையோடு கொண்டுவந்தது அல்சர். காரம் கூடாது, புளி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். சமைப்பது யார்? காலையில் வெறும் வயிற்றில் பூசணிச் சாறு, மத்தியானம் மணத்தக்காளிக் கீரையும் மோர்ச்சோறும், ராத்திரி இட்லி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சந்திரகலாவுக்கு இரட்டைச் சமையல்.

என்ன பத்தியம் இருந்தும் சில நாள் நெஞ்சை அடைத்துக்கொள்ளும். ஓமத்தைக் கொதிக்கவைத்துக் கொடுப்பாள். குடித்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும். கடைசியில் தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓர் ஏப்பம். "வந்துடுச்சி, ரைட்!" என்பார், பஸ்ஸைக் கிளப்புகிற அதே குரலில். அப்புறம்தான் மற்றவர்கள் சாப்பிட உட்காருவார்கள். எரிச்சல் ஏறும்போதும் 'வந்துடுச்சி' என்றுதான் சொல்வார். ஆனால் அப்போது ரைட் இருக்காது. சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு படுத்துவிடுவார்.

இன்று காலை பூசணிச் சாற்றைத் தள்ளி வைத்தார்.

"நேத்து வச்ச கருவாட்டுக் கொழம்பு மணக்குதும்மா. பழையதுல ஒரு கரண்டி ஊத்தேன். ஒரே ஒரு கரண்டி."

"வேணாம் மாமா. அப்புறம் எரியுதுன்னு நீங்கதான் உருளுவீங்க."

"உருண்டா நான்தானே உருளப்போறேன்!"

முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊற்றினாள். விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார்.

கொஞ்ச நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். எரிச்சல் என்றுதான் அவளும் நினைத்தாள். அடுக்களைக்கு ஓடி, பம்ப் ஸ்டவ்வை அடித்து ஓமத்தை வைத்தாள். எதிர்வீட்டு நூருல்லா பாய் வந்து முதுகைத் தடவிவிட்டார். ஸ்டவ் இரைச்சலில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் கொதிப்பதற்குள் கூடத்தில் அலறல்.

டாக்டர் வந்து பார்த்து, ஹார்ட் என்றார். அது அவள் காதில் ஏறவே இல்லை. அடிப்பாவி, நீ ஊற்றின குழம்புதானே? நெஞ்சு எரிய எரியவா அந்த மனுஷர் போனார்? அதுதான் அவளைப் போட்டு அரித்தது.

கூடத்தில் ராஜம்மாள், தருமனின் தங்கை, வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் புண்ணியவாண்டி! 'வந்துடுச்சி'ன்னு சொன்னாரு. ஜோதி வந்துடுச்சின்னு, அண்ணாமலையாரைக் கண்ணால பார்த்துட்டுல்ல போனாரு!"

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சந்திரகலாவின் கை சட்டியில் அப்படியே நின்றது. எது வந்தது? கிரிவலத்துக்குக் கூப்பிட்டாலே முட்டி வலி என்று நழுவுகிற மனுஷர். சாமி வந்திருக்காது. ஏப்பமா, எரிச்சலா?

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

"அத்தை, அதுக்கப்புறம் மாமா வேற ஏதாச்சும் சொன்னாரா?"

"வேற என்னடி சொல்லணும்? நான் வாசப்படில இருந்தேன். அதுதான் காதுல வுழுந்துச்சி. ஓடியாந்து பார்த்தா உசுரு இல்ல."

சந்திரகலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை.

வேலூர் போயிருந்த சந்திரகலாவின் புருஷன் முருகையனுக்கு நூருல்லா பாய் தந்தி கொடுத்துவிட்டு, மாலையும் வாங்கிக்கொண்டு வந்தார். முருகையன் வந்து சேர்ந்ததும் பாடை கட்ட ஆரம்பித்தார்கள். கொல்லையில் கை கழுவ வந்த பாயை அவள் மறித்தாள்.

"பாய், மாமா கடைசியா என்ன சொன்னாரு?"

"வந்துடுச்சின்னாரும்மா."

"அவ்ளோதானா?"

பாய் கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ராஜம்மா சொல்றது அப்படியே இருக்கட்டும். அவங்க மனசு ஏன் கெடணும்? ஏப்பம்மா அது. எப்பவும் போல ஜாஸ்தி சத்தமில்ல, கொழந்தைக்கு வர்ற மாதிரி சின்னதா. வந்துடுச்சின்னாரு. என்னைப் பார்த்துச் சிரிச்சாரு."

"அப்புறம்?"

"அப்புறம் மெதுவா, ரைட்டுன்னாரு. அப்படியே எம்மேல சாஞ்சிட்டாரு."

சந்திரகலா கிணற்றடியில் கிடந்த சட்டியைப் பார்த்தாள். "நான் காலையில கருவாட்டுக் கொழம்பு ஊத்திட்டேன் பாய்."

"எனக்குத் தெரியாதா? கையை எம் மூக்குக்கு நேரா நீட்டி, மோந்து பாரு, எம் மருமவ மவராசி ஊத்தினான்னு பீத்திக்கினாரே!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே உடைந்து ஓவென்று அழுதாள். காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தவர்கள், பாவம், இப்போதாவது அழுதாளே என்றார்கள்.

பொழுது சாயும் முன் பாடையைத் தோளுக்கு ஏற்றினார்கள். தீச்சட்டியோடு முன்னால் நின்ற முருகையன், எல்லோரும் சரியாகப் பிடித்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். சந்திரகலா வாசலில் பெண்களோடு நின்றாள்.

"ரைட்" என்றாள், முந்தானைக்குள்.

பாடை கிளம்பியது.