விளக்கு எந்தப் பக்கம்

வலப்பூ விழுந்தால் மாசியில் கல்யாணம், இடப்பூ விழுந்தால் பங்குனியில் பத்தாம் வகுப்புப் பரீட்சை, அவ்வளவுதான்... சௌந்திரத்துக்குப் பயமே இல்லை. பயப்பட என்ன இருக்கிறது? கருப்பணார் கல்லின் இரண்டு தோளிலும் பூசாரி ரங்கன் ஈரத்தோடு ஒட்டியிருப்பது அரளிப்பூ, ஈரம் காய்ந்தால் விழும், விளக்குச் சூடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முதலில் காயும், ஊரில் எத்தனை கல்யாணத்துக்குப் பூக் கேட்டதைப் பார்த்திருக்கிறாள், இது தெரியாதா? அதனால்தான் காலையில் கோயிலைக் கூட்டும்போதே விளக்கை இடப்பக்கம் நகர்த்திக் கல்லை ஒட்டி வைத்துவிட்டாள். சாமி கோபித்துக்கொள்ளுமா? கோபித்தால் கோபிக்கட்டும், பரீட்சை முடிந்ததும் ஒரு பொங்கல் வைத்தால் சரியாகிவிடும். எதிரே மாமன் சின்னுசாமி கைகட்டி நிற்கிறார், அம்மாவின் அண்ணன், மகனுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறார், மகனுக்குத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் போர் லாரியில் வேலை, நல்லவன்தான், நல்லவன் என்பதற்காகப் படிப்பை விட முடியுமா? “மாமன் ஊட்டுக்குத்தான வாரே சாமி, அப்பறம் என்னத்துக்குப் பரீச்சை?” என்று வழியிலேயே சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்து படித்த பூவாத்தாளும் மாமன் வீட்டுக்குத்தான் போனாள், இப்போது இடுப்பில் பிள்ளையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள், சௌந்திரத்தின் புத்தகப் பையை வாங்கிச் சும்மா கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருகிறாள்.

அட, பூசாரி ஏன் எழுந்திருக்கிறார்... “வெளக்க ஆருங்க இங்க வெச்சது, வலப்பக்கமல்லோ இருக்கோணும்” என்று தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டாரே, போச்சு, எல்லாம் போச்சு. அப்பா கண்ணை மூடிக் கும்பிடுகிறார், சாமி சொல்கிறபடி செய்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார், வலப்பூ லேசாகச் சாய்கிறது, பூக் கேட்கும்போது கல்யாணப் பெண்ணே எழுந்து போய் விளக்கைத் தொட முடியுமா? இப்போது பயமாக இருக்கிறது, நன்றாகவே பயமாக இருக்கிறது. அப்போதுதான் அம்மா எழுந்தாள், ஆண்கள் கூடிய இடத்தில் வாயே திறக்காத அம்மா. “காத்து இந்தப் பக்கமா அடிக்குதுங்க, வெளக்கு அணைஞ்சா ஆகாதுங்க” என்றபடியே விளக்கை எடுத்து இடப்பக்கம் வைத்தாள், சௌந்திரம் வைத்த அதே இடத்தில், திரியையும் தூண்டிவிட்டாள். அபசகுனத்துக்குப் பயந்து யாரும் மறுக்கவில்லை. காற்றா? வேப்பிலை ஒன்றுகூட அசையவில்லையே...

இடப்பூ விழுந்தது. “செரி உடுங்க மாப்பிள்ளை, சாமி வேண்டாங்குது, அடுத்த வருசம் மறுக்கா கேப்போம்” என்று மாமன் அப்பாவிடம் சொல்லித் துண்டை உதறினார். அடுத்த வருடமா, வரட்டும், அதற்குள் பதினொன்றாவதில் உட்கார்ந்திருப்பேன், நாளைக்கே அல்ஜீப்ராவைத் தொடங்க வேண்டும், சந்தோஷத்தில் ஓட வேண்டும் போலிருக்கிறது... அம்மா அவள் பக்கம் திரும்பவே இல்லை, எண்ணெய்க் கையை முந்தானையில் துடைக்கிறாள். அம்மாவுக்கும் இதே கருப்பணாரிடம்தான் பூக் கேட்டார்களாம், வெண்ணந்தூரில் எட்டாவது படிக்கும்போது, வலப்பூ விழுந்ததாம், சாமியே சொன்ன பிறகு என்ன என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். விளக்கைப் பற்றித் தெரிந்தவள், தெரிந்துகொண்டா இத்தனை வருடம் அப்படிச் சொன்னாள்? எப்போது தெரிந்தது, அன்றைக்கு அவள் பூ விழுவதற்கு முன்பா, விழுந்த பிறகா? கேட்க வாயெடுத்தாள், அம்மா குனிந்து கீழே கிடந்த இடப்பூவை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.