உங்களுக்குப் பிடிக்கலாம்

இப்போதெல்லாம் மனிதர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. டிவியை விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். லாரி ஓட்டி ஓய்ந்த கிழவருக்கு அப்படித்தான் பட்டது. மகனின் மாடி வீட்டுக்கு வந்ததிலிருந்து சோபாவும் ரிமோட்டும்தான் அவருக்குக் கதி. இன்று டிவியைப் போட்டதும், "உங்களுக்குப் பிடிக்கலாம்" என்று படங்களின் வரிசை ஒன்று வந்தது. அத்தனையும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பப்படும் கிழவர்களின் கதை.

"என்னம்மா, என்னை அனுப்ப நாள் குறிச்சாச்சா?" என்று மருமகளிடம் கேட்டார்.

"ஐயோ மாமா! நீங்க பார்த்ததை வெச்சு அதுவா காட்டுது."

"நான் எங்கே பார்த்தேன்? உட்கார்ந்தாலே தூங்கிடறேன்."

மகன் தலையைச் சொறிந்தான். "நடுவுல 'இன்னும் பார்க்கிறீங்களா'ன்னு கேட்டு நின்னுடும்ப்பா. சத்தம் நின்னா நீங்க முழிச்சுக்குவீங்க. அதான் நானே 'ஆமா'ன்னு அமுக்கி விட்டேன்."

அது உண்மைதான். இன்னொரு டிரைவர் ஓட்டும்போது தூங்கிப் பழகியவர். இன்ஜின் நின்றால் கண் திறந்துவிடும்.

"சரிடா, முதல் படத்தைப் போட்டது யாரு?"

மகன் மனைவியைப் பார்த்தான். அவள் டிவியைப் பார்த்தாள்.

"அதுவே ஓடியிருக்கும் மாமா."

"ஆமா, அதுக்குக் கை கால் முளைச்சிருக்கு."

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். முன்பொருமுறை அவர் தெருவில் வழி தவறியதிலிருந்து கதவின் உள்பக்கமும் எண் பூட்டு. எண்ணை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க மனம் வராமல் பால்கனிப் பக்கம் திரும்பினார்.

"அப்பா, வேற படம் போடவா?"

"உங்களுக்குப் பிடிச்சதை நீங்களே பாருங்க," என்றபடி நடந்தார்.