எக்பெர்ட்டின் கையுறை

வலன்ரைனின் உடலைத் தொட்டுச் சத்தியம் செய்யச் சொன்னது அவருடைய தம்பி பத்திநாதர்தான்.

"டேய் டனிஸ்ரன், வா இஞ்ச! உன்ர அப்பரைத் தொட்டுச் சொல்லு பாப்பம், நீ படிக்குத் தண்ணி ஊத்தேல்ல எண்டு."

செயின்ட்-மிஷேல் மலர்ச்சாலையின் அஞ்சலி மண்டபத்தில் எண்பது பேர் சொல்லிக்கொண்டிருந்த செபமாலை சட்டென்று நின்றது. கடைசி வரிசையில் சாதாரண உடையில் இருந்த பொலிஸ்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. குரல் புரிந்தது.

சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்ற மகள் றொசானா பெட்டியின் விளிம்பைப் பிடித்தாள். இந்தக் காட்சியை அவள் ஏற்கெனவே நூறு தடவை பார்த்திருக்கிறாள். லத்தீனில்.

ஆண்டு 1187. ஹோஹன்ராத் கோட்டை. பிணத்தின் முன்னால் நின்று, அண்ணன் மகனைப் பார்த்து "வந்து தொடு" என்று கட்டளையிட்ட மனிதனின் பெயர், கோமகன் எக்பெர்ட்.

அவனைப் பற்றித்தான் அவள் மூன்று வருடமாக ஆராய்ச்சி செய்கிறாள். "செத்துப்போன ஜெர்மன்காரனுக்குப் பின்னால ஏன் பிள்ளை திரியிறாய்?" என்று அப்பா சிரிப்பார். இப்போது அப்பாவே பெட்டிக்குள்.

நாலு நாளைக்கு முன், செவ்வாய்க்கிழமை காலை. கனடாவின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில், அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய மாடிவீடு. மேலே வலன்ரைன் குடும்பம். கீழே, மனைவி விட்டுப்போன பத்திநாதர் தனியாக. வெளிப்பக்கத்து இரும்புப் படியில் ஆறேகாலுக்கு வேலைக்கு இறங்கிய வலன்ரைன், பத்தொன்பது படியும் உருண்டு கீழே விழுந்தார். கழுத்து முறிந்திருந்தது.

வெளியே மைனஸ் இருபத்தேழு. ஆனால் ஒரு வாரமாகப் பனி விழவில்லை. மற்ற வீட்டுப் படிகள் எல்லாம் காய்ந்து கிடக்க, இந்த வீட்டுப் படியில் மட்டும் கண்ணாடி மாதிரி ஐஸ்.

யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

"விடிய அஞ்சரைக்கு டனிஸ்ரன் வாளியோட படியில நிண்டவன். நான் யன்னலால கண்டனான்" என்று பொலிசுக்குச் சொன்னார் பத்திநாதர். முதல்நாள் தகப்பனும் மகனும் படிப்பை விட்டது பற்றிக் கத்திச் சண்டை பிடித்ததைத் தெருவே கேட்டிருந்தது. கணக்குச் சரியாக வந்தது. பெட்டி மூடும்வரை கைது செய்யாமல் இருக்கட்டும் என்று பொலிஸ்காரி இரக்கப்பட்டு விட்டிருந்தாள். வாசலில் பொலிஸ் கார் நின்றது. அது டனிஸ்ரனுக்கு.

"ஏன்டா மரம் மாதிரி நிக்கிறாய்? தொடு!" பத்திநாதர் மறுபடி உறுமினார். கறுப்புக் கோட், கறுப்புத் தோல் கையுறை. பெட்டி தூக்கப் போகிற ஆள் என்ற தோரணை.

"சித்தப்பா, இது பொலிஸ் ஸ்டேஷன் இல்ல" என்றாள் றொசானா.

"நீ சும்மா இரு பிள்ளை. பொம்பிளப் பிள்ளையள் கதைக்கிற இடமில்ல இது."

டனிஸ்ரன் வந்தான். இருபத்திரண்டு வயது. நாலு நாளாகச் சாப்பிடாத முகம். தகப்பனின் நெஞ்சில் கை வைத்தான். உடைந்தான்.

"நான்தான்... அப்பாவைச் சாகடிச்சது நான்தான்..."

மண்டபம் மூச்சை இழுத்தது.

"கேட்டியளோ? எல்லாரும் கேட்டியளோ?" பத்திநாதரின் குரலில் துக்கத்தைவிட வேறு என்னவோ இருந்தது.

"ஐஸ் பிடியாமப் படிக்கு உப்புப் போடுறது என்ர வேலை. கோவத்தில திங்கக்கிழமை நான் போடேல்ல..." டனிஸ்ரன் விம்மினான். அந்த இரண்டாவது பாதியை முன்வரிசைக்கு அப்பால் யாருமே கேட்கவில்லை. பொலிஸ்காரி பக்கத்தில் இருந்த கணேசலிங்கம் என்ற உறவினரிடம் பிரெஞ்சில் விசாரித்தாள். "தான்தான் கொன்றதாகச் சொல்கிறான்" என்று அவர் மொழிபெயர்த்தார். அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தாள்.

அப்படித்தான் அன்றும் நடந்தது.

கோமகன் எக்பெர்ட்டின் அண்ணன் டீட்மார் கோட்டைப் படியில் விழுந்து செத்தான். கொலைகாரன் தொட்டால் பிணம் இரத்தம் கசியும் என்பது அந்த நாட்டு நம்பிக்கை. டீட்மாரின் மகன் கொன்ராட்டுக்குப் பதினாறு வயது, அடுத்த கோமகன் ஆக வேண்டியவன். அவன் தொட்டபோது பிணத்தின் மூக்கில் இரத்தம் கசிந்தது. மூன்று நாள் பிணத்தில் எது கசியாது? அன்று மாலையே பையனின் இரண்டு கண்களையும் பிடுங்கினார்கள். எக்பெர்ட் முப்பத்திநாலு வருடம் ஆண்டான். ஆற்றுக்குக் கல்பாலம் கட்டினான். பாலத்தை விட்டு ஓடத்தில் போனவர்களைத் தூக்கிலிட்டான். தேவாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தான். குருடன் கொன்ராட் ஒரு மடத்தில் அந்த மணியைக் கேட்டுக்கொண்டே கிழவனானான்.

இதையெல்லாம் எழுதிவைத்த துறவி நடுவில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'கோமகனும் தொட்டார், கையுறை அணிந்த கையால்.'

அந்த ஒரு வரிக்கு றொசானா நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள். கையுறை அந்தக் காலத்தில் அதிகாரத்தின் சின்னம், இனி நான்தான் ஆள்பவன் என்பதை எக்பெர்ட் பிணத்தின் மேலேயே அறிவித்தான் என்று. பேராசிரியர் மிகவும் பாராட்டினார்.

பெட்டி மூடும் நேரம் வந்தது. தீர்த்தக் கிண்ணத்தை வைத்தார்கள். இவர்களுடைய தேவாலயப் பங்கில் இது வழக்கம்: ஒவ்வொருவராக வந்து பெருவிரலைத் தீர்த்தத்தில் நனைத்து, இறந்தவரின் நெற்றியில் கடைசிச் சிலுவை போட வேண்டும். அம்மா அக்னெஸ் போட்டார். றொசானா போட்டாள். டனிஸ்ரன் கை நீட்ட, பத்திநாதர் அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார்.

கறுப்புத் தோல் விரல் தீர்த்தத்துக்குள் போனது. ஈரமாக வெளியே வந்தது. கையுறையோடேயே அண்ணனின் நெற்றியில் சிலுவை போட்டது.

றொசானாவுக்கு நாற்பது பக்கமும் ஒரு நொடியில் பொசுங்கிப்போனது.

சின்னமாவது மண்ணாங்கட்டியாவது! எக்பெர்ட் பயந்திருக்கிறான். வெறுங்கையால் தொட அவனுக்குத் துணிவில்லை. அவ்வளவுதான். சாகும்போது "கையுறையோடேயே என்னைப் புதையுங்கள்" என்று கெஞ்சினான் என்றும் துறவி எழுதியிருக்கிறாரே, அதுகூட அதற்குத்தான்!

சித்தப்பா ஏன் கழட்டவில்லை?

"சித்தப்பா, கிளவுஸைக் கழட்டிப்போட்டுச் சிலுவை போடுங்கோ."

"குளிருது பிள்ளை."

"உள்ளுக்க இருபத்திரண்டு டிகிரி. எல்லாரும் கோட்டைக் கழட்டிப்போட்டு நிக்கினம்."

"பெட்டி தூக்கிறவை போடுறதுதானே..."

"மற்ற அஞ்சு பேரும் போடேல்ல. கழட்டுங்கோ."

அவர் விலகப் பார்த்தார். அவள் அந்த வலது கையை எட்டிப் பிடித்து இறுக்கினாள். பத்திநாதர் அலறிய அலறலில் பூவளையம் ஒன்று சரிந்து விழுந்தது. கையுறை பாதி கழன்றது. உள்ளே பழுப்பேறிய துணிக்கட்டு. அதன் ஓரத்தில், உள்ளங்கை தோலே இல்லாமல் சிவப்பாக.

முப்பது வருடம் இந்த ஊரில் இருந்தவர். நனைந்த கையால் மைனஸ் இருபத்தேழில் இரும்புக் கம்பியைப் பிடித்தால் கை ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் தோலோடு வரும் என்பது இங்கே கின்டர்கார்டன் பிள்ளைக்கும் தெரியும்.

"இதென்ன சித்தப்பா?"

பத்திநாதர் வியர்த்தார். ஆனால் மடையர் இல்லை.

"அண்ணை விழுந்து கிடக்க ஓடிப்போய்த் தூக்கினனான். ஈரக் கையோட கம்பியைப் பிடிச்சுப்போட்டன். தூக்கப்போன என்னையோ கேக்கிறாய்?" கண்ணீர் வந்தது அவருக்கு. "என்ர அண்ணையடி அவர்!"

கூட்டத்தில் தலைகள் ஆடின. நியாயமான பதில். றொசானாவிடம் வேறு சாட்சியம் ஒன்றுமே இல்லை. பொலிஸ்காரி டனிஸ்ரனின் பக்கம் போய் நின்றுவிட்டாள்.

"பொய்."

சொன்னது அக்னெஸ். நாலு நாளாக வாய் திறக்காத அம்மா. கண் அந்தத் துணிக்கட்டிலேயே இருந்தது.

"அந்தக் கட்டு நான் போட்டது."

"அண்ணி..."

"முதியோர் இல்லத்தில இருபது வருசமாக் கட்டுப் போட்டவள் நான். என்ர முடிச்சு எனக்குத் தெரியாதே? இந்தக் குடும்பத்தில ஆருக்குக் காயம் பட்டாலும் என்னட்டத்தானே வருவியள். செவ்வாய்க்கிழமை விடியவும் வந்தனீ. பின்கதவால. கேத்தில் தண்ணி சுட்டுப்போட்டுது எண்டு அழுதுகொண்டு நிண்டனீ." அக்னெஸ் எழுந்தார். "அப்ப ஆறு மணிகூட ஆகேல்ல. அவர் உள்ளுக்க சவரம் செய்துகொண்டு நிண்டவர். 'ஆர் அக்னெஸ் வந்தது?' எண்டு கேட்டவர். 'உங்கட தம்பிதான்' எண்டனான்."

பத்திநாதர் பாதி கழன்ற கையுறையை மறுபடி இழுத்து மாட்டப் பார்த்தார்.

"ஏன்டா?" என்றார் அக்னெஸ். "வீட்டை விக்க அவர் கையெழுத்து வைக்கேல்ல எண்டோ?"

"எத்தின வருசம் கேட்டனான்..." அவ்வளவுதான் வந்தது அவர் வாயிலிருந்து. அதுவே போதுமாக இருந்தது.

மூன்று வருடம் ஒரு துறவியின் லத்தீனை மொழிபெயர்த்தவள், இப்போது அம்மாவைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். ஒரு சொல்லும் விடவில்லை. படியின் கைப்பிடிக் கம்பியின் அடிப்பக்கத்தில் தோல் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னாள். பொலிஸ்காரி குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரியை அடித்தாள். வாசலில் நின்ற கார் பத்திநாதரோடு போனது. கழன்ற கையுறையை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்துப் போனார்கள்.

ஜெர்மனியில் யாரும் எக்பெர்ட்டிடம் கழட்டச் சொல்லவில்லை.

டனிஸ்ரன் சுவரோடு குந்தியிருந்தான். "உப்புப் போட்டிருந்தா உருகியிருக்கும் அக்கா... உருகியிருக்கும்தானே?" மைனஸ் இருபத்தேழில் உப்பு ஒன்றையும் உருக்காது என்று றொசானா சொல்லிப் பார்த்தாள். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

அக்னெஸ் தீர்த்தக் கிண்ணத்துக்கு முன்னால் போய் நின்றார். அந்தக் கட்டைப் போட்ட இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை உள்ளே விட்டார். கழுவத் தொடங்கினார். தண்ணீர் விரிப்பில் வழிந்தது. நிறுத்தவில்லை.

மலர்ச்சாலை ஊழியர் தயங்கித் தயங்கி வந்து, பெட்டியை மூடலாமா என்று பிரெஞ்சில் கேட்டார்.

"பொறுங்கள்" என்றாள் றொசானா. "என் தம்பி இன்னும் சிலுவை போடவில்லை."