வாசலைப் பார்த்து நிற்பவள்

ஐறீன் கோயிலுக்குள் வந்தபோது முன் வாங்குகள் வழக்கம்போல வெறுமையாகக் கிடந்தன. சிங்களப் பூசை முடிந்து அந்தச் சனம் வெளியேற, தமிழ்ப் பூசைக்கு வந்தவர்கள் பின் வாங்குகளையும் தூணோரங்களையும் பார்த்துப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த கையோடு கழுத்தைத் திருப்பினார்கள். வாசலில் ஒரு செருப்புச் சத்தம் கேட்டால் போதும், அத்தனை தலையும் திரும்பும். வீதியில் ஆமி ஜீப் மெதுவாகப் போனால் செபமாலை உருட்டிய விரல்கள் அப்படியே நிற்கும். ஆம்பிளைகளின் கை தன்பாட்டில் சட்டைப் பைக்குப் போய் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

கொட்டாஞ்சேனையில் இந்தத் தமிழ்ப் பூசைக்கு முன்னுரை சொல்கிறவள் அவள்தான். பாதர் பீடத்துக்கு வருமுன் சனத்தை ஒரு நிலைக்குக் கொண்டுவர வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமந்த மனிசனின் மகள், அந்தக் குடும்பத்திலேயே முதல் பட்டதாரி. தகப்பனுக்கு அதில் பெருமை, கோயில் பங்குச் சபைக்கு அவளுடைய வாய்க்குப் பயம். போன ஞாயிறு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கடவுள் முன்னுக்கு இருக்கிறார், கதவடியில இல்லை. திரும்பித் திரும்பி ஆரைப் பாக்கிறியள்?" என்று கேட்டே விட்டாள்.

அன்று பூசை முடிய, காணிக்கைத் தட்டு எடுக்கும் இன்னாசியண்ணை படியில் வைத்துச் சீண்டினார். "கம்பஸ் பிள்ளை கோயிலுக்குள்ளயும் லெக்சர் அடிக்குது. எப்ப பிள்ளை எங்களுக்கு எக்ஸாம்?"

"உங்களுக்கு ஏன் அண்ணை எக்ஸாம்? நீங்கள் வாசலுக்கு வெளியிலதானே நிக்கிறனீங்கள்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அது போன ஞாயிறு. நேற்றுப் பின்னேரம் மருதானையில் தம்பி வலன்ரைன் வேலை செய்யும் வேர்க்‌ஷொப்புக்கு முன்னால் பொலிஸ் லொறி வந்து நின்றது. அடையாள அட்டை பார்த்து, தம்பியோடு தமிழ் ஆக்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். விடிந்ததும் அம்மாவும் அவளும் பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றார்கள். "பஸ்ஸே எண்ட, அம்மே" என்றான் காவலுக்கு நின்ற பெடியன். பிறகு வா என்று சொல்லக் குரலை உயர்த்தக்கூட அவன் மினக்கெடவில்லை. மகனை விட்டால் நேரே கோயிலுக்கு வரச்சொல்லு மகனே என்று அம்மா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கெஞ்சினாள். அவன் தலையாட்டினானா, ஈ கலைத்தானா என்று ஐறீனுக்கு விளங்கவில்லை. அம்மா தலையாட்டினான் என்றே எடுத்துக்கொண்டாள்.

பாதர் உடுப்பு மாற்றும் அறையில் அவளைக் கண்டதும் கையிலிருந்த இடைக்கயிற்றைக் கீழே வைத்தார்.

"இண்டைக்கு நீ நிக்கவேண்டாம் பிள்ளை. இன்னாசி வாசிக்கட்டும்."

"நான் நிப்பன் பாதர்."

"சனம் ஒரு நிலையில இல்லை."

"நானும் இல்லை."

அவர் கயிற்றைத் திரும்ப எடுத்து இடுப்பில் கட்டினார். "அப்ப ஏசிப்போடாதை" என்றார்.

மைக்கடியில் போய் நின்றாள். வெள்ளிக்கிழமையே எழுதி வைத்த முன்னுரை கையில் இருந்தது. உலகக் கவலைகளை வாசலில் கழற்றி வைத்துவிட்டு இறைவன் திருமுன் வருவோம் என்று தொடங்கியது. கழற்றி வைக்க அதென்ன செருப்பா? எழுதியவளைப் பிடித்து அறையலாம் போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கடைசி வாங்கின் ஓரத்தில் அம்மா. முக்காட்டுத் துணி தோளில் சரிந்து கிடக்க, உடம்பு பீடத்தைப் பார்த்தும் முகம் வாசலைப் பார்த்தும் முறுகிப்போய் இருந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான். எத்தனை ஞாயிறு இந்தக் கழுத்துகளைக் கண்டு பல்லைக் கடித்திருப்பாள்! பாதரை விட்டால், அந்தக் கோயிலுக்குள் திரும்பாமலே வாசலைப் பார்க்கக்கூடிய ஆள் தான் ஒருத்திதான் என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அங்கே நின்றுகொண்டுதான் மற்றவர்களைத் திரும்பாதே என்று ஏசியிருக்கிறாள்.

தாளை மடித்து வைத்தாள்.

"எல்லாரும் பீடத்தைப் பாருங்கோ," என்றாள். குரல் மைக்கில் உடைந்து கேட்டது. "வாசலை நான் பாத்துக்கொண்டு நிக்கிறன். பூசை முடியுமட்டும் கண் எடுக்கமாட்டன். ஆர் வந்தாலும் நான் சொல்லுவன். நீங்கள் செபியுங்கோ."

கோயிலில் இப்படி ஒருவரும் பேசுவதில்லை. பின்னாலிருந்து இன்னாசியண்ணை கேட்டார், இந்த முறை பகிடி இல்லை: "அவங்கள் வந்தா?"

"சொல்லுவன் அண்ணை."

"எங்கட ஆக்கள் ஆரும் வந்தா?" அது யாரோ ஒரு பொம்பிளைக் குரல்.

"அதையும் சொல்லுவன்."

ஒரு தலை முன்னுக்குத் திரும்பியது. பிறகு ஒன்று. ஒரு கிழவர் எழுந்து வந்து முன் வாங்கில் இருந்தார். அவர் பின்னால் ஒரு குடும்பம் வந்தது. அம்மா மகளையே பார்த்தாள், வாசலை இன்னொருமுறை பார்த்தாள், பிறகு முக்காட்டை இழுத்துவிட்டு மெல்லக் கண்ணை மூடினாள். பாட்டுத் தொடங்கியது. வருகைப் பாட்டை அந்தச் சனம் இவ்வளவு வாய்விட்டுப் பாடி அவள் கேட்டதில்லை.

பாதர் சிலுவை அடையாளம் போட்டபோதும் அவள் பீடத்தின் பக்கம் திரும்பவில்லை. 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று எல்லாரும் நெஞ்சில் தட்டினார்கள். அவளுக்குச் செபம் வரவில்லை. வெயில் விழுந்து கண் கூசிய அந்த வாசல் மட்டும் இருந்தது. ஒரு நாய் வந்து படுத்தது. பலூன் விற்கிறவன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். இமை தட்டவும் பயந்து நின்றாள்.

பாதர் நற்செய்தியைத் தொடங்க எல்லோரும் எழுந்து நின்றார்கள். அப்போது படியேறி ஒரு உருவம் வந்து வாசலில் நின்றது. நாய் எழுந்து விலகியது. முதுகுப் பக்கம் முழுக்க வெயில். இங்கிருந்து பார்க்க வெறும் கறுப்பு. ஒரு தலை, அகலமாய் இரண்டு தோள், ஒரு தோளில் நீளமாக ஏதோ தொங்கியது. வேர்க்‌ஷொப் சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் தம்பி வேலைக்குப் போகிறவன். ஆமிக்காரனின் துவக்கும் அப்படித்தான் தொங்கும். உருவம் உள்ளே வராமல் கதவு நிலையில் கையை ஊன்றி நின்றது.

செருப்பொலியோ சப்பாத்தொலியோ, எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஒரு கழுத்தும் திரும்பவில்லை. வாங்கு வாங்காக நின்றவர்கள் அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மாவும் கண்ணைத் திறந்து அவள் முகத்தைத்தான் பார்த்தாள்.