மகரந்தம் நீக்கிய லில்லிகள்

ஸ்னோர் செத்திருந்தால் பழி யார்மேல் விழுந்திருக்கும் என்பதில் நெதர்லாந்தின் வின்ஸ்கோத்தன் ஊரில் அந்தத் தெருவில் எவருக்கும் ஐயம் இருந்திருக்காது. ரூல்ஃபினின் பக்கத்து வீட்டுச் சீட்ஸ்கேயின் பூனை அது. மூக்கின்கீழ் மீசைபோல ஒரு கறுப்புத் திட்டு. டச்சு மொழியில் அதன் பெயருக்கும் மீசை என்றே பொருள். மூன்று கோடைகளாக ரூல்ஃபினின் பூப்பாத்திகளை அது தன் கழிப்பிடமாக வைத்துக்கொண்டிருந்தது. அவளும் காப்பிச் சக்கை, ஆரஞ்சுத் தோல், ரோஜா முள், கடைசியில் வாளித் தண்ணீர் வரை எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். போன ஆண்டுத் தெருவிருந்தில் அத்தனை பேர் காதுபட, "இந்தப் பூனைய ஒருநாள் இல்ல ஒருநாள் நானே பரலோகம் அனுப்பிடுவேன்" என்றும் சொல்லியிருந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சீட்ஸ்கே சிரிக்கவில்லை.

அதே சீட்ஸ்கே இந்த ஆண்டு விடுமுறைக்குப் புறப்படும்போது வீட்டுச் சாவியை அவளிடமே கொண்டுவந்து நீட்டினாள். வழக்கமாகப் பூனைக்குத் தீனி வைக்கும் எதிர்வீட்டுக்காரர் முழங்கால் அறுவைக்காக மருத்துவமனையில் இருந்தார்.

"வேற ஆளில்ல, பக்கத்து வீட்டம்மா. செடிக்குத் தண்ணி ஊத்துங்க, அவனுக்குத் தீனி வைங்க. மாத்திச் செஞ்சிடாதீங்க."

குத்தல்தான். ஆனாலும் அது சமாதானத்துக்கு நீண்ட கை என்று ரூல்ஃபின் எடுத்துக்கொண்டாள். இரண்டு வாரமும் ஒரு வேளை தவறவில்லை. சீட்ஸ்கேயும் கணவனும் திரும்பும் நாள் காலையில், ஊர் வழக்கப்படி, அவர்கள் மேசையில் பூ வைக்கப் போனாள். கடையில் வாங்க மனம் வரவில்லை. தன் தோட்டத்து வெள்ளை லில்லிகளில் நன்றாக விரிந்தவற்றை வெட்டி, மேசைவிரிப்பில் மஞ்சள் கறை படியாதிருக்க மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்துவிட்டு, ஜாடியில் நிறுத்தினாள். பார்க்கவே நிறைவாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காப்பி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தபோது, அசென் நகரில் இருக்கும் தங்கை ஹில்லி தொலைபேசியில் அழைத்தாள். ரூல்ஃபின் பூவைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள்.

"லில்லியா? அந்த வீட்ல பூனை இருக்கே!"

"இருந்தா என்ன?"

"ஐயோ அக்கா, லில்லி பூனைக்கு விஷம். சிறுநீரகத்தையே அடிச்சுப் போட்டுடும்."

"மகரந்தத்த எல்லாம் கிள்ளிட்டேன்."

"அது மேசைவிரிப்புக்கு நல்லது. பூனைக்கு இலையும் விஷம், தண்டும் விஷம், ஜாடித் தண்ணி கூட ஆகாது."

"இத்தன வருஷமா என் தோட்டத்துல நிக்குது. ஒரு பூனையும் சாகல."

"செத்த பூனை வந்து கதவத் தட்டிச் சொல்லிட்டுப் போகுமா? போய்ப் பாரு மொதல்ல!"

போய்ப் பார்த்தாள். ஜாடியின் அடியிலிருந்த ஓர் இலையின் நுனி கிழிந்திருந்தது. தரையில் நுரைத்த வாந்தி. அதில் பச்சையாக ஒரு துணுக்கு. ஸ்னோர் சோபாவின் அடியில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தது.

தரையைத் துடைக்கலாம். பூவைக் குப்பையில் போடலாம். அவர்கள் வந்த பிறகு பூனை நோயில் விழும். மேசையில் என்ன பூ இருந்தது என்று எவரும் கேட்கப்போவதில்லை. இந்தக் கணக்கு அவள் மனத்தில் ஓடவே செய்தது. வாயைத் திறந்தாலோ, தெருவிருந்தில் அவள் சொன்ன சொல்லே அவளுக்கு எதிராகச் சாட்சிக்கு வந்து நிற்கும். ஆனால் தின்றது எது என்று தெரியாமல் மருத்துவர் எதற்கு மருந்து கொடுப்பார்? கிழிந்த இலையுள்ள தண்டை ஒரு பையில் போட்டாள். பிறகு பூனையை அதன் பயணக் கூண்டுக்குள் தள்ளினாள். அதற்குள் அவளுடைய இரண்டு முன்கைகளிலும் இரத்தக் கோடுகள்.

கால்நடை மருத்துவர் இளம்பெண். தண்டைப் பார்த்ததுமே கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"எப்பத் தின்னுச்சு?"

"இன்னிக்குக் காலைலதான். பூ வெச்சதே இன்னிக்குத்தான்."

"நல்லவேள, சீக்கிரமா வந்தீங்க. ரெண்டு மூணு நாள் டிரிப்ஸ் ஏத்தணும். பொழச்சிடும்னு இப்பவே சொல்ல மாட்டேன். உங்க பூனையா?"

"பக்கத்து வீட்டுது. அவங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்."

சீட்ஸ்கேயும் அவள் கணவன் வூப்போவும் அப்போது பெல்ஜியத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நின்றிருந்தார்கள். ரூல்ஃபின் நடந்ததை நடந்தபடி சொன்னாள். 

"விஷமா? நீங்களா வெச்சீங்க?"

"பூவ நான்தான் வெச்சேன். விஷம்னு தெரியாது."

"அன்னிக்கு விருந்துல நீங்க சொன்னது…"

"சொன்னேன். அது வாய்க்கொழுப்பு. இது அறியாத்தனம். ரெண்டையும் ஒண்ணாக் கட்டிடாத."

பின்னாலிருந்து வூப்போவின் குரல் வந்தது: "கொல்ல நெனச்சவ எதுக்குடி டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடுறா? வண்டில ஏறு, போவோம்."

மூன்றாம் நாள், திங்கட்கிழமை, இரத்தப் பரிசோதனை நன்றாக வந்து, ஸ்னோர் ஒரு காலில் மயிர் மழித்த நிலையில் வீடு திரும்பியது. அதற்குள் ரூல்ஃபின் சாவியை அவர்கள் வீட்டுக் கதவின் தபால் துளைக்குள் போட்டுவிட்டிருந்தாள்.   மண்வெட்டியை எடுத்து, லில்லிக் கிழங்குகள் அனைத்தையும் தோண்டி, பூனையே இல்லாத மைத்துனிக்குக் கொடுத்தனுப்பினாள். வேலியோரம் ஒரு பாத்தி முழுக்க, புதிதாய்க் கிளறிய கறுப்பு மண் மெத்தென்று கிடந்தது.

மறுநாள் காலை ஸ்னோர் வேலியைத் தாண்டி வந்து, அந்த மண்ணை முகர்ந்து, அவளை நேராகப் பார்த்தபடியே குழி பறிக்கத் தொடங்கியது. ரூல்ஃபின் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் கைகளில் கீறல்கள் இன்னும் ஆறவில்லை.

வேலிக்கு அப்பாலிருந்து சீட்ஸ்கே எட்டிப் பார்த்தாள். கீறல்களைப் பார்த்தாள், பூனையைப் பார்த்தாள். தன் பைக்குள் கைவிட்டு, வேலிக்கு மேலாக அதே வீட்டுச் சாவியை நீட்டினாள்.

"வாளிய எங்க காணோம், பக்கத்து வீட்டம்மா?"

"அவனுக்கு டாக்டர் ஏத்தின தண்ணியே இந்த வருஷத்துக்குப் போதும்" என்று சொல்லி, ரூல்ஃபின் சாவியை வாங்கிக்கொண்டாள்.