சுக்குவுக்கு ஒரு சான்றிதழ்

காப்பியை ஆற்றியபடியே வெங்கடகிருஷ்ணன் சொன்னார். "சுக்குவைக் கூட்டிண்டு போக முடியாது. ஹெல்த் சர்டிபிகேட் இல்லாம ரயில்ல ஏத்த மாட்டா. வயசாயிடுத்துன்னு டாக்டர் தர மாட்டேன்னுட்டார்."

சூடாமணி தோசையைத் திருப்பிப் போட்டாள். கணவருக்கு வங்கியில் நாகபுரிக்கு மாற்றல். நாளை மாலை ரயில். கோட்டைக்குள் இருந்த அந்த வீட்டில் பாதிச் சாமான்கள் கட்டியாகிவிட்டன. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவர்கள் வளர்த்த நாய் சுக்கு சுருண்டு படுத்திருந்தது.

"டாக்டர்ட்ட எப்போ காமிச்சேள்?"

"நேத்திக்கு. எப்பவும் ஊசி போடற அதே ஆஸ்பத்திரிலதான்."

நேற்று முழுக்க நாய் அவள் காலடியை விட்டு நகரவில்லை. அதை அவள் சொல்லவில்லை. "அப்போ என்ன செய்யறது?" என்று மட்டும் கேட்டாள்.

"பொன்முடி எஸ்டேட்ல நமக்குப் பரிச்சயக்காரர் ஒருத்தர், வீரபாண்டின்னு. நாளைக்குக் கார்த்தால கொண்டு விட்டுட்டு வந்துடறேன். மலைக்காத்து, அங்க அதுக்குச் சுகமாக்கும்."

திங்கட்கிழமை இதே எஸ்டேட் ஆளைப் பற்றிச் சொன்னபோது பெயர் வன்னியபெருமாள்.

அவர் வங்கிக்குப் போனதும் சூடாமணி அலமாரியைத் திறந்தாள். சுக்குவின் ஊசிப் புத்தகம் மின்சார பில்களுக்கு அடியில், அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் கணவர் பேச்சை அவள் சோதித்துப் பார்த்ததில்லை. இப்போதோ மனம் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தது. 'ரொம்ப தூரத்துல விட்டா நாய்க்கு வழி தெரியுமோ?' என்று போன வாரம் சிரித்துக்கொண்டே கேட்டாரே, அது எதற்கு?

ஆட்டோ பிடித்து, நாயோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் சபீனா சுக்குவின் சூடு பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார்.

"உடம்புக்குக் குழப்பம் ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கான்," என்றார் மலையாளம் கலந்த தமிழில்.

"வயசான நாய்க்கு சர்டிபிகேட் கிடையாதுன்னு..."

"ஆரு பறஞ்சது? வயசு ஒரு நோய் அல்லல்லோ. ஊசி புக் வேணும், நாயை நேர்ல பாக்கணும். அத்ரயே உள்ளு, அவ்வளவுதான்."

"நேத்து எங்காத்துக்காரர் வந்தாராம்."

டாக்டர் பதிவேட்டைப் புரட்டினார். "நேத்து சர்டிபிகேட் கேட்டு ஒருத்தரும் வரல்ல." முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். "எங்கயாவது கொண்டு விடப்போறதா சொன்னாரோ?"

"பொன்முடி எஸ்டேட்லன்னார்," என்றாள் சூடாமணி.

"போன மாசம் மலை ரோட்டுலேருந்து ரெண்டு நாயக் கொண்டு வந்தாங்க. ரெண்டுக்கும் கழுத்துல பெல்ட் உண்டு. வண்டி போன வழியே நோக்கிட்டு நின்னுதாம். சோறு வச்சும் தின்னல்ல."

சாயங்காலம் வெங்கடகிருஷ்ணன் வந்து உட்கார்ந்ததும் சான்றிதழை அவர் முன்னால் வைத்தாள். "வீரபாண்டி நம்பரைத் தாங்கோ. நானே பேசறேன்."

அவர் செல்போனை எடுத்து வெகுநேரம் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பிறகு கீழே வைத்தார்.

"அப்படி ஒருத்தரும் இல்லை," என்றார். "நாகபுரில மூணாவது மாடி வீடு. இதை வச்சுண்டு கஷ்டமாச்சேன்னு... மலைல டீக்கடைப் பக்கம் விட்டா ஆராவது சோறு போடுவான்னு நெனச்சேன்."

அவர் குரல் கேட்டு சுக்கு எழுந்து வந்து, அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. அவர் காலை நகர்த்தவில்லை.

"ஒன்பது வருஷம் முன்னாடி மழையில நனைஞ்ச குட்டியை மேல்துண்டுல சுத்திண்டு வந்தது நீங்கதான்," என்றாள் சூடாமணி. "அன்னிக்கு எந்தக் காகிதமும் வேண்டியிருக்கலை. கைவிடறதுக்கு மட்டும் காகிதத்தைச் சாக்கு சொல்றேள். வளர்த்த ஜீவனை, அது ஒண்டியா அலைய முடியாத வயசுல ரோட்டுல விடறது துரோகம். அதுக்கு மலைக்காத்து, எஸ்டேட்னு வேற பேரெல்லாம் வைக்காதேங்கோ. நம்மால முடியறவரைக்கும் இல்லை, அதுக்கு உயிர் இருக்கறவரைக்கும் பார்த்துக்கணும்."

வெங்கடகிருஷ்ணன் சான்றிதழை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டேஷன் பார்சல் ஆபீஸ்ல நாய்க்கு இடம் புக் பண்ணணும். போய்ட்டு வரேன்."

சூடாமணி செருப்பை மாட்டினாள். "நானும் வரேன்."

"என்னை நம்பலையா?"

"சுக்கு இப்பவும் நம்பறது," என்றாள் அவள், கதவைப் பூட்டியபடி. "எனக்குக் கொஞ்ச நாள் ஆகும்."