தெளிவாக விழுந்த படம்

விருத்தாசலத்தில் கோதண்டபாணியின் ஸ்டுடியோ தெரியாதவர்கள் கிடையாது. அவர் எடுத்த கால்பந்துப் படங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்களும் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்றால் மனிதரைக் குறை சொல்ல முடியாது. பெண்ணின் மூக்குத்திக் கல்லை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. அங்கே அவர் "அப்படியே நில்லுங்க" என்றால் மாப்பிள்ளை தாலியைக் கையில் பிடித்தபடி நிற்பார், ஐயர் நிற்பார், மேளக்காரர்கூட யோசிப்பார். பந்து யார் சொல்லி நிற்கும்?

அவருடைய கேமராவில் எல்லாம் கைவேலைதான். லென்ஸ் வளையத்தைத் திருகித் திருகித்தான் தெளிவு கொண்டுவர வேண்டும். ஓடுகிறவனைப் பார்த்துத் திருகி முடிப்பதற்குள் அவன் கோல் போட்டுவிட்டுக் கூட்டாளிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பான். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். மூலைக் கொடிக்குப் பின்னால் உட்கார்ந்து, பக்கத்துக் கோல் கம்பத்துக்கு வளையத்தைத் திருகி வைத்துவிட்டு, பந்து அங்கே வரட்டும் என்று காத்திருந்தார். பந்து அவரிடம் கேட்டுக்கொண்டா வருகிறது? ஒவ்வொரு பொங்கல் டோர்னமென்டிலும் கம்பம் மட்டும் செதுக்கி வைத்த மாதிரி விழும். ஆட்கள் எல்லாம் புகை.

"கம்பத்துக்கு நல்ல களை அண்ணே, வரன் பாக்கலாம்" என்று டீக்கடையில் கிண்டலடித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் உள்ளுக்குள் வலித்தது. ஒரே ஒரு படம், ஓடுகிற பந்தும் பாய்கிற ஆளும் தெளிவாக, சாவதற்குள் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. இதை மனைவி மகேஸ்வரியிடம்கூட அவர் சொன்னதில்லை.

2003 பொங்கலுக்கு இறுதி ஆட்டம் விருத்தாசலத்துக்கும் வேப்பூருக்கும். விருத்தாசலத்தின் கோல்கீப்பர் மகேஸ்வரியின் தம்பி தமிழ்மணி. ரத்தினவேல் முதலாளியின் பீங்கான் கம்பெனியில் நாலு வருஷமாகத் தினக்கூலிக்குச் சூளையில் சாமான் அடுக்குகிறவன். முதலாளிக்குக் கால்பந்துப் பைத்தியம். "கப்பு வந்துச்சுன்னா உன்னப் பர்மனன்ட் பண்றேன்டா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மகேஸ்வரி கொளஞ்சியப்பருக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை.

விருத்தாசலம் ஒரு கோல் முன்னால் இருந்தது. கடைசி நிமிஷத்தில் வேப்பூர்க் கேப்டன் ஆனந்தராஜ் ஓங்கி அடித்தான். தமிழ்மணி குறுக்கே பாய்ந்து, கம்பத்தை ஒட்டிப் பந்தைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்து முன்பக்கமாக உருண்டான். பந்து கையில் பட்ட கணத்தில் கோதண்டபாணியின் விரல் தானாகவே அழுத்தியது.

"கோலு! பந்து உள்ள போயிருச்சு!" என்று வேப்பூர்க்காரர்கள் கத்தினார்கள். "எங்கய்யா போச்சு? கையிலதான இருக்குது!" என்று இவர்கள் கத்தினார்கள். வலை கட்டாத கோல், நடுவரோ பாதி மைதானத்துக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கோல் இல்லை என்று கையாட்டினார். சட்டை கிழிகிற கட்டம் வந்தபோது கமிட்டிச் செயலாளர் கோவிந்தராசு ஒரு யோசனை சொன்னார்.

"கோதண்டபாணி அங்கதான உக்காந்திருந்தாரு. போட்டோ வரட்டும். உள்ள போயிருந்தா மறு ஆட்டம், இல்லன்னா கப்பு விருத்தாசலத்துக்கு."

"அவரு கீப்பரோட அக்கா புருசன் ஆச்சேங்க" என்றான் ஆனந்தராஜ்.

"ஆளு பொய் சொல்லுவான். மிசினு சொல்லுமா?"

சரி என்று ஒத்துக்கொண்டார்கள். கப்பு கோவிந்தராசு வீட்டு அலமாரிக்குப் போயிற்று.

மேட்ச்சுக்கு அவர் போடுவது கறுப்பு வெள்ளை ரோல். ஸ்டுடியோவின் இருட்டறையிலேயே கழுவிவிடலாம். மறுநாள் காலை சிவப்பு விளக்கின் கீழே பிரின்ட்டை மருந்துத் தட்டில் போட்டு ஆட்டினார். முதலில் கம்பம் வந்தது. வழக்கம்தானே என்று பார்த்துக்கொண்டிருந்தவர் மூச்சை நிறுத்தினார். தமிழ்மணி வந்தான். பல்லைக் கடித்த முகம், புடைத்த கழுத்து நரம்பு, அந்தரத்தில் நிற்கிற உடம்பு, விரித்த விரல்களுக்கு நடுவே தையல் தையலாகப் பந்து. அத்தனையும் தெளிவு. கோதண்டபாணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருடைய ஆயுசிலேயே இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை, கல்யாணத்தன்றுகூட.

பிறகுதான் கோட்டைப் பார்த்தார். அந்த ஊரில் மைதானத்துக்குச் சுண்ணாம்பில் கோடு போடுவதில்லை. பீங்கான் கம்பெனியில் மிஞ்சும் வெள்ளைத் தூளைத்தான் கொட்டுவார்கள். வெயிலில் கண் கூசும். படத்திலும் கூசியது. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு வெறும் தரை. பந்து முழுசாகக் கோட்டைத் தாண்டி உள்ளே இருந்தது.

"ஏங்க, படம் வந்துச்சா?" கதவுக்கு வெளியே மகேஸ்வரி. "தம்பி ராத்திரி ஒரு வாய் சோறு தின்னலங்க."

"இரு, பாக்குறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டினால் ஊரே வாயடைக்கும். மச்சானின் வாய்க்குப் போகிற சோறும் சேர்ந்துதான் அடைபடும். இத்தனை வருஷமாகத் தெளிவு வேண்டும் என்று கும்பிட்ட சாமி, இந்த ஒரு நாள் பார்த்துக் காது கொடுத்திருக்கிறது. அவருக்குச் சாமி மேல் கோபம் கோபமாக வந்தது.

எழுந்து இன்னொரு தாளை வைத்தார். படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரின் திருகைப் பிடித்தார். அந்தக் கைக்குத் தெளிவை நோக்கித் திருகித்தான் பழக்கம். எதிர்ப்பக்கம் திருகும்போது பந்து பஞ்சாயிற்று, தமிழ்மணி புகையானான், கோடும் தரையும் ஒன்றாகக் கலந்தன. நல்ல பிரின்ட்டைக் கிழித்தார். நெகட்டிவில் தீக்குச்சியை வைத்தார்.

"என்னங்க இது, இப்படி நாறுது?"

"ஒண்ணுமில்ல. மருந்து கொட்டிப்போச்சு."

கமிட்டியில் படத்தை ஆளாளுக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "இதுல பந்து எது, தலை எதுங்க?" என்றான் ஆனந்தராஜ். சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. கோவிந்தராசு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "முன்னல்லாம் கம்பமாச்சும் தெளிவா இருக்கும். இந்தத் தடவ அதுவும் போச்சே" என்றார். ஆனால் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. அவர் சொதப்புவது ஊரறிந்த விஷயம், அதற்குப் போய்க் காரணம் தேடுவார்களா? நடுவர் சொன்னதே தீர்ப்பாயிற்று. கப்பு வந்தது, வேலையும் பர்மனன்ட் ஆயிற்று.

முதல் சம்பளம் வாங்கிய அன்று தமிழ்மணி ஒரு பெட்டியோடு வந்தான். உள்ளே புத்தம் புது ஆட்டோமேட்டிக் கேமரா.

"உங்களுக்குத்தான் மாமா. இதுல எதையும் திருக வேணாம், அதுவே பாத்துக்கும்."

மகேஸ்வரி பூரித்துப்போய்க் காபி போட உள்ளே போனாள். தமிழ்மணி நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, அக்காகிட்ட சொல்லிராதீங்க. அன்னிக்குப் பந்து உள்ளதான் போச்சு. எனக்கு நல்லாத் தெரியும்."

கோதண்டபாணி கேமராவைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போட்டோ பாக்கணும்னாங்க பாருங்க, ஒரு நிமிசம் கதிகலங்கிட்டேன். அப்புறம்தான், எடுத்தது நம்ம மாமாவாச்சேன்னு நெஞ்சு ஆறிச்சு. வேற எவனாச்சும் எடுத்திருந்தா நான் தொலைஞ்சேன்."

கோதண்டபாணி புதுக் கேமராவைப் பெட்டிக்குள் வைத்தார்.

"தெளிவா விழுந்திருந்துச்சுடா" என்றார். "உன் கழுத்து நரம்புகூடத் தெரிஞ்சுது. நான்தான் கெடுத்தேன்."

தமிழ்மணி அவரை உற்றுப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அக்கா, இங்க வாயேன்! மாமா அடிக்கிற தமாசக் கேளு!"